லீவில் வந்தவர்

1942 நவம்பர் 18, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவு பெய்த மழையில் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருந்தது. முடிச்சுப் போட்டு நான்கு வாளி இறைத்துக் குளித்தேன். மெஸ்ஸில் மூன்று இட்லி. சட்னி புளித்திருந்தது. குடைக்கம்பி ஒன்று ஒடிந்திருக்கிறது, மாற்ற வேண்டும். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: அண்டை வீட்டார் பட்டாளத்துக்குத் திரும்புகிறார், நான் சாட்சி.

அன்றைய டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. இதில் முதல் வரியைத் திருத்த வேண்டும். ஐந்து மணிக்கு நான் எழவில்லை. எழுப்பப்பட்டேன்.

மதுரை ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு குடித்தனங்கள். எனக்கும் அந்த அண்டை வீட்டாருக்கும் நடுவில் ஒரு சுவர். தினமும் காலை ஐந்துக்கு அவர் வாசலில் விறைப்பாக நின்று தன் நம்பரையும் பெயரையும் தானே உரக்கக் கூப்பிடுவார். பிறகு ஒரு மூச்சு இடைவெளி விட்டு, இன்னும் உரக்க, "ஆஜர்!" என்பார். சந்தில் உள்ள நாய்களுக்குக்கூட அந்த நம்பர் தெரியும். அதற்கு மேல் யாரும் தூங்கியதில்லை. பெயரை நான் எழுதப் போவதில்லை. எல்லோரும் அவரைப் பட்டாளத்தார் என்றே சொன்னார்கள். நான் அண்ணே என்றேன்.

அவர் ஒரு லான்ஸ் நாயக். அதாவது சிப்பாய்க்கு ஒரு கோடு மேலே. அந்த ஒரு கோட்டை அவர் சுமந்த விதத்தில் வைஸ்ராய் கூட எதையும் சுமந்திருக்க மாட்டார்.

அவருடைய நிலைமை இதுதான். பதினாறு வருடங்களுக்கு முன் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்தார். இன்னும் லீவில்தான் இருந்தார்.

வந்த காரணம், உசிலம்பட்டிப் பக்கம் அவர் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் அந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்த மாட்டார்கள். ராஜாவே தாய்மாமன் என்றாலும் வந்து சம்மணம் போட்டுத்தான் ஆகவேண்டும். இவர் வந்தார், உட்கார்ந்தார், பிள்ளை அழுதது, கறிச்சோறு சாப்பிட்டார். பத்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு வடக்கே இருந்த தன் கண்டோன்மென்டுக்குத் திரும்பிப் போனார். கேட்டில் காவலாளுக்குப் பதில் ஒரு ஆடு கட்டியிருந்தது. உள்ளே ஒரு கான்ட்ராக்டர் இரும்புக் கட்டில்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். இவர் மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்த அதே வாரத்தில் படைப்பிரிவையே கலைத்து, கொடியைச் சுருட்டி, ஆட்களை ரயிலேற்றிவிட்டார்கள்.

இவர் கையில் லீவுச் சீட்டு. அதில் கடைசியில் ஒரு கட்டம்: திரும்பிய நாள், அதிகாரி கையெழுத்து. கையெழுத்துப் போட அங்கே ஆள் இல்லை. மூன்று நாள் கேட்டில் காத்திருந்தார். கான்ட்ராக்டரிடமே சீட்டை நீட்டிப் பார்த்தாராம். அந்த ஆள் அதைக் கட்டில் வாங்கிய ரசீது என்று நினைத்து, "கட்டில் எங்கய்யா?" என்று கேட்டாராம்.

அந்த அக்கா மகள் வளர்ந்து பெரியவளாகி ஒருமுறை சந்துக்கு வந்திருந்தாள். காதில் தோடு ஆட, "எங்காதுல ரெண்டு ஓட்ட போட்டாக, கவர்ன்மெண்டு பட்டாளமே அதுவழியா ஒழுகிப் போச்சு, இல்ல மாமா?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

பட்டாளம் ஏன் கலைந்தது என்பதற்கு அவரிடம் ஒரு சரித்திரம் இருந்தது. போன யுத்தத்தில் பஸ்ராவில் அவர்கள் சண்டை போட்டார்கள். அங்கே பருப்பு வேகாது. துருக்கிக்காரன் குண்டைவிட அந்தப் பருப்பில் விழுந்தவர்கள் அதிகம் என்பார். சண்டை முடிந்த பிறகு, கண்ணாடி போட்ட ஒரு துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தெற்கத்தி ஆளுக்கு உயரம் பத்தாது, சண்டை வராது என்று எழுதிவிட்டான். "அந்தத் துரைக்கு ஏணி வச்சாத்தான் நாக்காலியில ஏற முடியும் தம்பி. அவன் எங்க உயரத்த அளக்குறான்."

உயரம் என்ற சொல் அவருக்குள் ஆணியாகத் தங்கிவிட்டது. ஒரு டாக்கீஸில் வாசல் காவலாக இருந்தார். அதைக்கூட 'லீவுல சும்மா இருக்க வேணாம்னு' என்றுதான் சொல்வார். தரை டிக்கெட்காரர்களை உயர வரிசைப்படி நிறுத்தி, குள்ளமானவர்களை முன்னால் உள்ளே விடுவார். முதலில் சனங்கள் கத்தினார்கள். பிறகு யாருக்கும் யார் தலையும் மறைக்கவில்லை என்று கண்டுகொண்டார்கள். பக்கத்து டாக்கீஸில் நல்ல படம் ஓடினாலும் குள்ளர்கள் எல்லாம் இங்கேதான் வந்தார்கள்.

லீவில் இருப்பவர் என்பதால் அவர் எதையும் நிரந்தரமாகச் செய்வதில்லை. எங்கள் நடுச்சுவருக்கு மேல் ஒரு ஓடு உடைந்திருந்தது. மழை என் பக்கம்தான் ஒழுகும். மூன்று மழைக்காலம் சொன்னேன். "போறவன் எதுக்குத் தம்பி ஓடு மாத்தணும்?" என்றார். நான்காவது மழைக்காலத்தில் ஒரு பித்தளைச் சட்டி வாங்கி வைத்துக்கொண்டேன். சித்திரைத் திருவிழாவுக்குச் சந்துக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போடும்போது அவரைக் கூப்பிட்டால், "ஊர்க்காரவுக செய்யுங்க, நான் வந்து போற ஆளு" என்பார். மோர் மட்டும் மூன்று குவளை குடிப்பார். ரயிலடிக்குப் பக்கத்தில் குடியிருந்ததே, திரும்ப வரச்சொல்லித் தந்தி வந்தால் உடனே வண்டியேற வசதி என்பதற்காகத்தான். தபால்காரருக்குத் தினமும் சல்யூட் அடிப்பார். அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு எங்கள் சந்துக்குப் பின்வழியாக வர ஆரம்பித்தார்.

இதையெல்லாம் சகித்தவர் அவர் மனைவி. மதினி என்று கூப்பிடுவேன். அவர் வாய்க்கு முன் எந்தப் பட்டாளமும் நிற்காது.

"எம்மகளுக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சு தம்பி, இந்த மனுசனுக்கு லீவு முடியல. இப்படி லீவு குடுக்குற கவர்ன்மெண்டு உலகத்துல உண்டா? கேட்டுச் சொல்லு, நானும் அடுப்படியில இருந்து ஒரு பத்து நாள் லீவு எழுதிப் போடுறேன்."

மதினி ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டார். உசிலம்பட்டிக்கு மேற்கே இரண்டு ஏக்கர் மானாவாரி தரிசாகக் கிடந்தது. பட்டாளத்தார் போக மாட்டார். அதற்குக் காரணம் அவர் சகலை. ஒருநாள் மாட்டுச்சந்தையில் நாலு பேர் நடுவில் அந்தச் சகலை, "எங்க சகலையப் பாருங்க, பட்டாளத்துல செவரேறிக் குதிச்சு ஓடியாந்த வீரரு" என்று சொல்லிவிட்டார். இல்லை என்று காட்ட இவரிடம் ஒரு காகிதம் இல்லை. இருந்த ஒரே சீட்டில், திரும்பிய கட்டம் காலி. அன்று வாங்கப் போன மாட்டை வாங்காமலே பஸ் ஏறியவர், அதன் பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கையெழுத்து விழுந்தால்தான் ஊர்.

விடுவிப்புக் காகிதம் ஒன்று வந்ததும் உண்மை. பதிவுத் தபால். உறைமேல் அவர் பெயருக்கு முன் 'முன்னாள்' என்று இருந்தது. "அந்த முன்னாள் ஆளு இங்க இல்ல, போ" என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மதினி அன்றைக்கு உலை வைக்கவில்லை. அண்ணன் மெஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நகராட்சியில் நான் பிறப்பு இறப்புப் பதிவுக் குமாஸ்தா. என் வேலையில் அவருக்கு மரியாதை உண்டு. ஒருமுறை கேட்டார்: "ஏந் தம்பி, ஒருத்தன் செத்துப் போறான். யாரும் வந்து ஒங்கிட்டச் சொல்லல. அப்ப?"

"தகவல் கொடுக்க ஆள் வரவில்லை என்றால் பதிவு இல்லை அண்ணே."

"புத்தகத்தப் பொறுத்தவரைக்கும்?"

"புத்தகப்படி உயிரோடுதான்."

தொடையில் ஓங்கி அடித்தார். "எம் பட்டாளம் கலைஞ்சதா எனக்கு எவனும் வாசிச்சுச் சொல்லல. உத்தரவுன்னா வரிசையில நிக்கவச்சு வாசிக்கணும். அதுதான் முறை. எம் புத்தகப்படி பட்டாளம் உயிரோட இருக்கு." அன்றிலிருந்து என் உத்தியோகத்தைத் தனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார். நான் பேசாமல் வேறு பதில் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் புதிய யுத்தம் வந்தது. ஆள் போதவில்லை. நவம்பர் 17 செவ்வாய்க்கிழமை பிற்பகல் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கலைக்கப்பட்ட அதே படைப்பிரிவு, அதே பெயரில் மீண்டும் எழுப்பப்படுகிறது. ஆள் சேர்ப்பு மறுநாள், பசுமலை அடிவாரத்து மைதானத்தில். ஒரு எழுத்து விடாமல் நகலெடுத்து மாலையில் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

கண்ணீர் விடுவார் என்று நினைத்தேன். "எத்தன மணிக்கு?" என்றார்.

மதினி உள்ளேயிருந்து, "உயரம் பத்தாதுன்னானே, இப்ப என்ன, எல்லாரும் வளந்துட்டாகளா?" என்றார்.

"நீ வாரணும் தம்பி," என்றார் அண்ணன். " தகவல் கொடுக்குற ஆளு வேணுமில்ல?" நான் லீவு எழுதப் போகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. "லீவா? திரும்பிப் போனதும் மொத வேலையா கையெழுத்து வாங்கிரு. மறந்துராத. எங்கதையப் பாத்தீல்ல."

புதன்கிழமை காலை, ஆஜர் சொல்லி முடித்த கையோடு அவர் தன் தகரப் பெட்டியைத் திறந்தார். பதினாறு வருடமாகக் கட்டிலுக்கடியில் தயாராக இருந்த பெட்டி. சாவி அவர் அரைஞாணில். அடுத்த நொடி சந்தே அதிர ஒரு சத்தம்.

"ஏத்தா! என்னாது இது?"

உடுப்பு முழுக்கக் கொள்ளு. விதைக்கொள்ளு, சாம்பலில் புரட்டி, வேப்பிலைச் சருகு போட்டு, கோட்டுக்கு மேலும் கீழும் பைக்குள்ளும் நிறைத்திருந்தது. எலி புகாத பாத்திரம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். மதினி சாவியைக் கேட்கவே இல்லை. பின்பக்கக் கீல் ஆணியைக் கழற்றி மாட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. வருடாவருடம் பழைய விதையை மாற்றிப் புது விதை போட்டு வந்திருக்கிறார்.

"ஒங்களுக்குத் தந்தி வரும்னு நீங்க பொட்டி கட்டி வச்சீக. ஊருக்குப் போவோம்னு நான் வெத கட்டி வச்சேன். யார் பொட்டி மொதல்ல தெறக்குதுன்னு பாப்போம்னு இருந்தேன்."

"கவர்ன்மெண்டு உடுப்புடி!"

"அதான் பூச்சி அரிக்கல."

அண்ணன் உதறினார். மதினி கீழே துண்டு விரித்து ஒன்றுவிடாமல் பிடித்தார். நேரமாகிவிட்டது. இருந்த சாம்பலோடு மாட்டிக்கொண்டார். வயிற்றுப் பக்கம் இரண்டு பித்தான் சேரவில்லை. ஜட்கா வேண்டாம் என்றார். பசுமலை வரை அணிநடை. ஒடிந்த குடையோடு பின்னால் ஓடினேன். வழிநெடுக அவர் கோட்டிலிருந்து கொள்ளு சிந்தியது. மழை ஈரத்தில் அது முளைத்திருந்தால் ரயிலடியிலிருந்து பசுமலைக்குப் பச்சையாக ஒரு கோடு இருந்திருக்கும்.

மைதானத்தில் பையன்கள் மார்பளவு கொடுக்கச் சட்டையைக் கழற்றி நின்றார்கள். ஒருவன், "என்ன தாத்தா, பேரனச் சேக்க வந்தீகளா?" என்றான்.

"வரிசையாடா இது? நீ பின்னால போ. ஏ குட்டை, முன்னால வா. கைய ஒட்டி வை." ஐந்து நிமிடத்தில் மைதானத்தை டாக்கீஸ் தரை டிக்கெட்டாக்கிவிட்டார்.

மேசைக்குப் பின்னால் ஒரு கேப்டன். இருபத்தைந்து வயது இருக்கும். தமிழ்க்காரர். மீசை அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஹவில்தார். பட்டாளத்தார் போய் நின்று கையை வீசி சல்யூட் அடித்தார். கைமடிப்பிலிருந்து ஒரு பிடி கொள்ளு மேசைமேல் கொட்டியது.

கேப்டன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "கொள்ளு. நீங்க குதிரைப்படையா?"

"நடக்குற பட்டாளம் சார். கொள்ளு எம் பொஞ்சாதியோடது."

"வயசு என்ன, பெரியவரே?"

"லீவுல போகையில முப்பத்தெட்டு சார்."

"இப்ப?"

"லீவு முடிஞ்சாத்தான சார் அந்தக் கணக்கு."

சீட்டை நீட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, துணி ஒட்டியிருந்த சீட்டு. கேப்டன் இருமுறை படித்தார்.

"சேர வந்தீங்களா?"

"சேர வரல சார். திரும்பி வந்துருக்கேன். அந்தக் கடைசிக் கட்டத்துல ஒரு கையெழுத்து."

கேப்டன் பேனாவை எடுத்து, கட்டத்துக்கு மேல் பிடித்து, அப்படியே நிறுத்தினார். "இன்னிக்குத் தேதி போட்டா, பத்து நாள் லீவுல போய் பதினாறு வருஷம் கழிச்சு வந்ததா ஆகும். அதுக்குப் பேர் ஓடிப்போனது. உங்கள உள்ள தள்ளணும். பழைய தேதி போட்டா நான் உள்ள போகணும். எது வேணும்?"

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஹவில்தார் அதை முழுதாக எடுத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார். அண்ணன் கை சல்யூட்டிலேயே நின்றது.  சகலை சந்தையில் வாயால் சொன்னதை இனி சர்க்கார் மையால் எழுதப் போகிறது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், எங்கள் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. காரணம் சரியாக இருந்தால் தாமதம் குற்றமில்லை."

"நீங்க யாரு?"

"பிறப்பு இறப்புப் பதிவுக் குமாஸ்தா."

"இங்க எதுக்கு வந்தீங்க? இன்னும் ஒருத்தனும் சாகலியே." பையன்கள் சிரித்தார்கள். "சரி, காரணம் என்னன்னு எழுத?"

 அண்ணன்தான் பேசினார். கையைக் கீழே இறக்கிவிட்டுப் பேசினார். அவர் அதிகாரி முன் அப்படி நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சார், நான் பத்தாம் நாளு சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டுல நின்னேன். ஆடு கட்டியிருந்துச்சு. மூணு நாளு நின்னேன். நான் லேட்டில்ல. பட்டாளந்தான் பதினாறு வருசம் லேட்டு."

கேப்டன் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த கொள்ளைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் எழுதியதை நான் அண்ணன் காதில் தமிழில் சொன்னேன்: 'குறித்த நாளில் திரும்பினார். படைப்பிரிவு இல்லை.' கீழே கையெழுத்து, அன்றைய தேதி.

"திரும்பிட்டீங்க," என்றார் கேப்டன். "இப்ப வயசு ஐம்பத்து நாலு. உங்கள விடுவிக்கணும். போகலாம்."

அண்ணன் நகரவில்லை. "வாசிச்சுச் சொல்லுங்க சார். போன தடவ எனக்கு யாரும் வாசிக்கல."

கேப்டன் எழுந்தார். தொப்பியைப் போட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி, அவர் நம்பரையும் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். பதினாறு வருடத்தில் முதல் முறையாக அதை வேறொருவர் கூப்பிட்டார்.

"ஆஜர்!" என்றார் அண்ணன். பசுமலையில் எதிரொலித்தது.

வயது காரணமாக இன்றோடு விடுவிக்கப்படுகிறார் என்று கேப்டன் வாசித்தார். சட்டையில்லாத பையன்கள், யாரும் சொல்லாமலே, கையை ஒட்டி வைத்து நின்றார்கள். அண்ணன் வலப்புறம் திரும்பினார், மூன்று எட்டு நடந்தார், அதற்கு மேல் கால்களை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். என் கடிகாரப்படி அவர் பட்டாளத்துக்குத் திரும்பியதிலிருந்து பட்டாளம் அவரை விடுவித்தது வரை பதினொரு நிமிடம்.

பாதி வழி வந்தோம். பிறகு, "அந்தக் கேப்டனுக்கு சல்யூட்டு சரியில்ல தம்பி. முழங்கை தாழுது" என்றார்.

மதினி சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் படித்துச் சொன்னேன்.

"இதத்தான நான் பதினாறு வருசமாச் சொல்றேன். கோட்டுப் போட்டவுக சொன்னாத்தான் ஏறும்போல."  உடனே, "மொத பஸ்சு எத்தன மணிக்கு?" என்றார்.

"வெதப்புக் காலம் தாண்டிருச்சே," என்றார் அவர்.

"கொள்ளுக்கு என்ன காலம்? கார்த்திகைக்குள்ள போட்டா வரும். நீங்க ரோட்டுல வெதச்சது போக மிச்சம் இருக்கு."

"மொதல்ல சகலை வீடு. அப்பறந்தான் காடு."

"அதுக்கு நானும் வாரேன். அவன் மொகத்தப் பாக்கணும்."

பகல் ஒன்றேகாலுக்கு நான் அலுவலகம் திரும்பி, லீவுச் சீட்டில் திரும்பியதற்குக் கையெழுத்து வேண்டும் என்று கேட்டேன். அரை நாள் லீவுக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. தலைமைக் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டார்.

மறுநாள் நவம்பர் 19, வியாழக்கிழமை. கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. மணி ஒன்பதே முக்கால். சந்து முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. நாய்கள்கூட எழவில்லை. பக்கத்து வாசலில் பூட்டு. என் வாசற்படியில் ஒரு துணி முடிச்சு, அதில் இரண்டு படி கொள்ளு. உடைந்த ஓட்டை மாற்றவில்லை. சட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது.

குளிக்காமல் ஓடினேன். அலுவலகத்தில் நான் முதலில் செய்த வேலை, தாமதப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது. பதினோரு வருட உத்தியோகத்தில் அதில் என் பெயர் ஏறியது அன்றுதான். காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'குறித்த நேரத்தில் விழிக்கும் ஆள்தான். பட்டாளம் இல்லை.'